கதிர்வீச்சு சிகிச்சை: கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் தரக்கட்டுப்பாட்டின் அவசியமும்

புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவற்றுள் வாய்ப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியன முன்னிலை வகிக்கின்றன. இம்மூன்றிலும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு முக்கிய இடம் உண்டு.

இச்சிகிச்சைக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. செலுத்தப்படும் கதிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடலில் பாயும்போது வலிப்பதுமில்லை. வழங்கப்பட வேண்டிய அளவைவிட 5 அல்லது 10 சதவீதம் குறைவாகக் கதிர் செலுத்தப்பட்டாலும், மேசையில் படுத்திருக்கும் நோயாளியால் அதை உணர முடியாது. இயந்திரத்தை இயக்குபவராலும் பரிந்துரைத்த மருத்துவராலும்கூட அதைப் பார்த்துச் சொல்ல இயலாது. முறையாக அளந்து பார்ப்பது ஒன்றே அதை அறியும் வழி. அந்த அளவீடுகளும் சரிபார்ப்புகளும் சேர்ந்ததே கதிர்வீச்சு சிகிச்சையின் தரக்கட்டுப்பாடு. அது அலுவலகக் கோப்புகளுக்கான சடங்கு அல்ல. நோயாளி பிழைப்பதையும் பிழைக்காமற்போவதையும் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று என்பதைப் பல ஆண்டுக் கால அனுபவம் நிறுவியுள்ளது.

5 சதவீதத்தின் எடை

கதிர்வீச்சின் அளவு 'கிரே' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாக 70 கிரே அளவு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 35 தவணைகளாக ஏழு வாரங்களுக்கு வழங்கப்படுகிறது. புற்றுநோய்ச் செல்களை அழிக்கத் தேவையான அளவுக்கும் அருகிலுள்ள நல்ல திசுக்கள் தாங்கக்கூடிய அளவுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. அந்த இடைவெளிக்குள் நின்றுதான் இச்சிகிச்சை செயல்படுகிறது.

கதிர்வீச்சு அலகுகள் மற்றும் அளவீடுகளுக்கான சர்வதேச ஆணையம் 1976-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நோயாளியின் கட்டியைச் சென்றடையும் கதிரளவு, பரிந்துரைக்கப்பட்ட அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது எனப் பரிந்துரைத்தது. கதிரளவில் ஏற்படும் 5 சதவீத மாற்றம், சில வகைக் கட்டிகள் கட்டுப்படுவதற்கான வாய்ப்பை 10 முதல் 20 சதவீதம் வரை மாற்றக்கூடும். நல்ல திசுக்களில் ஏற்படும் பாதிப்பை அதைவிடவும் கூடுதலாக மாற்றக்கூடும் என்பதே இதற்கு அடிப்படை.

இந்த 5 சதவீதம் என்பது ஒரே ஒரு கட்டத்துக்கு அளிக்கப்படும் சலுகை அன்று. இயந்திரத்தின் அளவுத்திருத்தம், ஸ்கேன் படம், கட்டியின் எல்லையை வரைதல், கணினிக் கணக்கீடு, நோயாளியை நாள்தோறும் ஒரே நிலையில் படுக்க வைத்தல் ஆகிய அனைத்துக் கட்டங்களிலும் நேரும் சிறு விலகல்கள் ஒன்றுசேர்ந்தும் அந்த வரம்பைத் தாண்டலாகாது. எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வரம்பு ஓரிரு சதவீதமே.

சான்று காட்டிய ஆய்வு

தரக்குறைவான கதிர்வீச்சு சிகிச்சையின் விளைவை எண்களால் காட்டிய ஆய்வுகளில் முதன்மையானது, 2010-ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆங்காலஜி' இதழில் வெளியானது. முற்றிய நிலைத் தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 861 பேரிடம், டிராபாசமைன் என்ற புதிய மருந்தைக் கதிர்வீச்சுடனும் கீமோதெரபியுடனும் சேர்த்து அளிப்பதால் பயன் உண்டா என்று அறியப் பல நாடுகளில் நடத்தப்பட்ட மருத்துவச் சோதனை அது. அந்த மருந்தால் ஆயுள் நீட்டிப்பு ஏதும் கிட்டவில்லை. ஆனால், சோதனையின் ஒரு பகுதியாக ஒவ்வொரு நோயாளியின் கதிர்வீச்சுத் திட்டத்தையும் நிபுணர் குழு மறுபரிசீலனை செய்தபோது, எதிர்பாராத உண்மை ஒன்று வெளிப்பட்டது.

சுமார் 12 சதவீத நோயாளிகளின் திட்டங்களில், கட்டி கட்டுப்படும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கக்கூடிய கடும் குறைபாடுகள் இருந்தன. குறைந்தபட்சம் 60 கிரே பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, தொடக்கம் முதலே நெறிமுறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். கடும் குறைபாடுள்ள திட்டத்தின்படி சிகிச்சை பெற்றவர்களில் அவ்வாறு இருந்தோர் 50 சதவீதம் மட்டுமே. புற்றுநோய் அதே இடத்தில் மீண்டும் தலைதூக்காமல் இருந்தோரின் விகிதமும் 78 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இன்னொரு முடிவும் கவனத்துக்குரியது. சோதனையில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்த மையங்களில் கடும் குறைபாடுகள் சுமார் 5 சதவீதமாக இருக்க, ஐந்துக்கும் குறைவானோரைச் சேர்த்த மையங்களில் அது ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்தது. ஒரே வகை நோய்க்கு அடிக்கடி சிகிச்சை அளிக்கும் அனுபவமும், பிறர் சரிபார்க்கும் வழக்கமும் இல்லாத இடங்களில் பிழைகள் பெருகுகின்றன என்பதையே இது உணர்த்துகிறது.

குறைபாடு எங்கே நேர்கிறது?

கடந்த காலப் பிழைகளை ஆராய்ந்தால், அவற்றில் பெரும்பாலானவை இயந்திரம் பழுதானதால் நேர்ந்தவை அல்ல என்பது தெரியவரும். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் எண், மறுபடி சரிபார்க்கப்படாத ஒரு கணக்கு ஆகியவையே பல வேளைகளில் காரணமாயின.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில், 1996-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனையின் கோபால்ட்-60 இயந்திரத்தில் கதிர் மூலம் புதிதாக மாற்றப்பட்டது. அதன் அளவுத்திருத்தத்தின்போது, 0.3 நிமிடம் என்பது 18 வினாடிகளுக்குப் பதில் 30 வினாடிகளாகக் கருதப்பட்டது. இதனால் மூலத்தின் வீரியம் உண்மையைவிடக் குறைவாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் தேவைக்கு அதிகமான நேரம் கதிர் செலுத்தப்பட்டது. தவறு கண்டறியப்படுவதற்குள் சுமார் 115 பேர் பாதிக்கப்பட்டனர். வேறொருவர் தனித்து மறுமுறை அளந்திருந்தால், முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கக்கூடிய பிழை அது.

பனாமாவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2000-2001 காலகட்டத்தில் 28 பேர் கூடுதல் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். நல்ல திசுக்களை மறைக்கும் தடுப்புகள் குறித்த விவரங்களைத் திட்டமிடல் கணினியில் உள்ளிடும் முறை மாற்றப்பட்டது. கணினி அதைத் தவறாகக் கணக்கிட்டு, சிகிச்சை நேரத்தை அதிகரித்துக் காட்டியது. கணினி அளித்த நேரத்தைக் கையால் போட்ட எளிய கணக்குடன் ஒப்பிடும் வழக்கம் பின்பற்றப்படவில்லை.

கூடுதல் கதிர்வீச்சின் பாதிப்பு தோலிலும் குடலிலும் விரைவில் வெளிப்பட்டுவிடும். குறைவான கதிர்வீச்சோ எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பிரிட்டனின் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகர மருத்துவமனை ஒன்றில் நேர்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. அங்கு 1982-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திட்டமிடல் கணினி, தூரத்துக்கான திருத்தத்தைத் தானே கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதை அறியாமல் பணியாளர்கள் அதே திருத்தத்தைக் கையாலும் மறுமுறை சேர்த்து வந்தனர். விளைவாக, 1991-ஆம் ஆண்டு வரை 1,045 நோயாளிகள் தேவையைவிட 5 முதல் 30 சதவீதம் வரை குறைவான கதிரளவைப் பெற்றனர். பக்கவிளைவுகள் குறைவாகவே இருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. புதிய கணினி நிறுவப்பட்டு, இரண்டு கணக்குகளும் ஒப்பிடப்பட்டபோதே பிழை வெளிப்பட்டது.

நோய் மீண்டும் வந்தால், அது நோயின் தீவிரத்தால் வந்தது என்றே நோயாளியும் குடும்பத்தினரும் கருதுவர். சிகிச்சையின் அளவு குறைந்திருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றாது. தரக்கட்டுப்பாட்டுக் குறைபாட்டின் மிகக் கொடிய பக்கம் இதுவே.

நாள்தோறும் நடக்கும் சரிபார்ப்பு

மின்சாரத்தால் இயங்கும் நேரியல் முடுக்கி எனப்படும் லினாக் இயந்திரங்கள் உள்ள மையங்களில், காலையில் முதல் நோயாளி உள்ளே செல்வதற்கு முன்னரே சோதனை தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இயந்திரம் வெளியிடும் கதிரளவு நாள்தோறும் 3 சதவீத வரம்புக்குள்ளும், மாதாந்திரச் சோதனையில் 2 சதவீத வரம்புக்குள்ளும், ஆண்டுச் சோதனையில் 1 சதவீத வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். நோயாளியின் உடலில் குறியிட உதவும் லேசர் ஒளிக்கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. துல்லியம் மிகுந்த ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சையில் அந்த வரம்பு 1 மில்லிமீட்டர்.

கதிரளவை அளக்கும் அயனி அறை எனப்படும் சிறு கருவிக்குள் காற்று இருக்கும். அக்காற்றின் வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் மாறினாலே அளவீடு சுமார் 1 சதவீதம் மாறும். காற்றழுத்தத்துக்கும் இது பொருந்தும். சிம்லா போன்ற மலை நகரங்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. வானிலை அறிக்கைகளில் வெளியாகும் அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது வழக்கம். அதை அப்படியே கணக்கில் சேர்த்தால், நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர் செலுத்தப்பட்டுவிடும். ஆகவே அளவீடு நடைபெறும் அறையிலேயே வெப்பநிலையும் அழுத்தமும் குறிக்கப்பட வேண்டும்.

கோபால்ட்-60 இயந்திரங்களுக்கு வேறொரு கவனம் தேவை. கோபால்ட்-60 தனிமத்தின் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள், அதன் வீரியம் மாதந்தோறும் 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்துகொண்டே வரும். சிகிச்சை நேரப் பட்டியல் ஆறு மாதங்களுக்குத் திருத்தப்படாமல் இருந்தால், அந்த மையத்துக்கு வரும் ஒவ்வொரு நோயாளியும் 6 சதவீதத்துக்கும் மேல் குறைவான கதிரளவையே பெறுவார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உடலுக்குள் வைத்து அளிக்கப்படும் பிராக்கிதெரபி சிகிச்சையில் பயன்படும் இரிடியம்-192 தனிமத்தின் அரை ஆயுட்காலம் வெறும் 74 நாள்கள். அதன் வீரியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பதால், ஒவ்வொரு சிகிச்சைக்கும் அன்றைய வீரியத்தைக் கணக்கிட வேண்டும்.

இயந்திரம் துல்லியமாக இயங்கினாலும் அது குறிபார்க்கும் இடம் தவறாக இருந்தால் பயனில்லை. ஸ்கேன் படத்தில் கட்டியின் எல்லையையும், காக்க வேண்டிய உறுப்புகளின் எல்லையையும் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் மருத்துவர் வரைகிறார். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வரைந்தால் எல்லைகள் வேறுபடுவதுண்டு. எனவே, சிகிச்சை தொடங்கும் முன்னரே திட்டத்தைச் சக மருத்துவர்கள் கூடி ஆராயும் வழக்கம் தரக்கட்டுப்பாட்டின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்படுகிறது. செறிவு மாற்றும் ஐஎம்ஆர்டி போன்ற நவீன முறைகளில், ஒவ்வொரு நோயாளியின் திட்டமும் முதலில் மாதிரி உடல் ஒன்றின் மீது செலுத்தி அளக்கப்பட்ட பின்னரே நோயாளிக்கு அளிக்கப்படுகிறது.

தவறவிட்ட நாள்களும் தரக்குறைவே

கதிரளவு மட்டுமன்றி, அது எத்தனை நாள்களில் முடிக்கப்படுகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. சிகிச்சை இடையில் நின்றால், எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் விரைவாகப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோயிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் திட்டமிட்டதைவிட ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான வெளிக்கதிர்வீச்சும் பிராக்கிதெரபியும் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்பது நெறிமுறை.

இயந்திரம் பழுதாகி ஒரு வாரம் நின்றுபோவதும், வெளியூரிலிருந்து வரும் நோயாளி தங்க இடமின்றி நடுவில் ஊர் திரும்புவதும் சிகிச்சையின் தரத்தைக் குலைக்கின்றன. முறையான பராமரிப்பு, பழுது நேர்ந்தால் நோயாளியை வேறு இயந்திரத்துக்கு மாற்றும் ஏற்பாடு, விடுபட்ட தவணையை ஈடுசெய்யும் திட்டம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

சிகிச்சைத் தவணைகள் குறைந்து வரும் இக்காலத்தில் இந்தக் கவனம் மேலும் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு முன்னர் 25 தவணைகளில் அளிக்கப்பட்ட சிகிச்சை, பின்னர் 15 ஆகக் குறைந்தது. 2020-ஆம் ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வு, 26 கிரே அளவை ஐந்தே தவணைகளில் அளித்தாலும் ஐந்தாண்டு முடிவில் பலன் குறைவதில்லை என்று காட்டியது. நோயாளியின் செலவும் அலைச்சலும் குறைவது பெரும் நன்மை. ஆனால் 25 தவணைகளில் ஒன்று பிழைத்தால் பாதிக்கப்படுவது மொத்த அளவில் 4 சதவீதம். ஐந்தில் ஒன்று பிழைத்தால் அது 20 சதவீதம். பிழையைத் திருத்திக்கொள்ளும் அவகாசமும் அப்போது இருக்காது.

தபாலில் வரும் தணிக்கை

ஒரு மையம் தன் அளவீட்டைத் தானே எத்தனை முறை சரிபார்த்தாலும், அளக்கும் கருவியிலேயே பிழை இருந்தால் அது வெளிப்படாது. இதற்காகவே சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து, 1969-ஆம் ஆண்டு முதல் தபால் வழித் தணிக்கையை நடத்தி வருகின்றன. கதிரை உள்வாங்கிப் பதிவு செய்யும் சிறு குப்பிகள் மருத்துவமனைக்கு அனுப்பப்படும். நோயாளிக்குச் செலுத்துவதுபோல் 2 கிரே அளவை மருத்துவமனை அவற்றின் மீது செலுத்தித் திருப்பி அனுப்பும். ஆஸ்திரியாவில் உள்ள ஆய்வகம், உண்மையில் செலுத்தப்பட்ட அளவைக் கண்டறிந்து ஒப்பிடும். வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கப்படும். மீறினால் காரணம் ஆராயப்பட்டு மறுசோதனை நடத்தப்படும்.

இத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், பங்கேற்ற மருத்துவமனைகளில் ஏறத்தாழ பாதி மட்டுமே வரம்புக்குள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அது 90 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்துள்ளது. வெளியார் ஒருவர் அளந்து பார்ப்பார் என்ற நிலையே தரத்தை உயர்த்தும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இந்தியாவில் நடைமுறை

இந்தியாவில் இப்பணியை மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் மேற்கொள்கிறது. மருத்துவமனைகள் பயன்படுத்தும் அளவீட்டுக் கருவிகளுக்கு அளவுத்திருத்தம் செய்து தருவதுடன், தபால் வழித் தணிக்கையையும் அது பல்லாண்டுகளாக நடத்தி வருகிறது. மருத்துவ இயற்பியலாளர்களுக்கான பட்டயப் படிப்பையும் 1960-களிலிருந்து வழங்கி வருகிறது.

1983-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சு சிகிச்சை மையங்களின் பாதுகாப்பை மேற்பார்வையிடுகிறது. இயந்திரம் வைக்கப்படும் அறையின் சுவர்க் கனம் முதல், நிறுவிய பின் நடத்தப்படும் சோதனைகள் வரை வாரியத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டவை. உரிமம் இன்றி எந்த மையமும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. கதிர்வீச்சுப் புற்றுநோயியல் மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பவியலாளர், வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற கதிரியல் பாதுகாப்பு அலுவலர் ஆகியோர் பணியில் இருப்பதும் கட்டாயம்.

விதிகள் இருப்பினும், சவால் ஆள்பலத்தில் இருக்கிறது. காலையில் சோதனைகளை நடத்தி, பகலில் திட்டங்களை வகுத்து, மாலையில் அவற்றை அளந்து பார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளிகளின் வரிசை நீளும்போது முதலில் சுருங்குவது இந்தச் சோதனை நேரமே. சோதனைக்காக இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தினால் நான்கைந்து நோயாளிகள் காத்திருக்க நேரிடும் என்ற அழுத்தம் நிர்வாகங்களுக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்தால், தவறான அளவு அன்று வரும் அத்தனை நோயாளிகளையும் சென்றடையக்கூடும் என்பதைக் கடந்த கால நிகழ்வுகள் காட்டுகின்றன. பெரிய மையங்களின் அனுபவம் சிறு நகர மையங்களைச் சென்றடைவதும் அவசியம். புற்றுநோய் மையங்களை இணைக்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, பொதுவான சிகிச்சை நெறிமுறைகளை வகுத்து இத்திசையில் செயல்படுகிறது.

நோயாளிகள் கேட்கக்கூடியவை

கதிரளவைச் சரிபார்ப்பது நோயாளியின் பணி அன்று. எனினும் சிகிச்சை தொடங்கும் முன் சில கேள்விகளைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ளதா? முழுநேர மருத்துவ இயற்பியலாளர் பணியில் இருக்கிறாரா? சிகிச்சைத் திட்டத்தை மற்றொரு மருத்துவரும் பார்த்துள்ளாரா? இயந்திரம் பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன? மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணைகள், எந்த நாளுக்குள் முடிய வேண்டும்?

சிகிச்சை நடக்கும் நாள்களில் உடல் எடை வெகுவாகக் குறைந்தாலோ, முகத்தை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளர்ந்தாலோ உடனே தெரிவிப்பது நல்லது. உடலமைப்பு மாறினால் பழைய திட்டம் பொருந்தாமற்போகலாம். தோலில் இடப்பட்ட குறிகளை அழிக்காமல் பாதுகாப்பதும் முக்கியம். மருத்துவரின் ஆலோசனையின்றி ஒரு தவணையைக்கூடத் தவறவிடலாகாது. சிகிச்சை முடிந்தபின், பெற்ற கதிரளவு, தவணைகள், நாள்கள் ஆகியவற்றைக் குறிக்கும் சுருக்க அறிக்கையைப் பெற்று வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலும் அது உதவும்.

புதிய மருந்துகளுக்கும் புதிய இயந்திரங்களுக்கும் பெரும் தொகை செலவிடப்படும் துறை புற்றுநோய் மருத்துவம். இருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்தபடியே அளிப்பதால் மட்டும் கிடைக்கும் பலன் எவ்வளவு பெரிது என்பதை, 861 பேரிடம் நடத்தப்பட்ட அந்தச் சோதனை காட்டியது. 70-க்கும் 50-க்கும் இடையிலான அந்த 20 சதவீதத்தைக் காப்பாற்றப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அளவு நாடாவும் நீர்த்தொட்டியும் அயனி அறையும் ஒவ்வொரு மையத்திலும் உள்ளன. அவற்றை நாள்தோறும் பயன்படுத்தத் தேவையான ஆட்களும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே எஞ்சியிருக்கும் தேவை.